புதுப்பிக்கப்பட்ட எந்திரத்தில் எண்ணெய்க் கலங்கல்

எண்ணெய்க் கலங்கல் என்பது, உள் எரி எந்திரம் ஒன்றின் உயவு எண்ணெயில் நீர் நுண்துளிகளாகக் கலப்பதால், எண்ணெய் தன் தெளிவை இழந்து மங்கலான அல்லது பால் போன்ற தோற்றத்தைப் பெறுவதாகும். நெடுநாள் ஓடிய எந்திரங்களில் இது பெரும்பாலும் படிப்படியாகத் தோன்றுகின்றது. ஆனால், முழுவதுமாகப் பிரித்து, உருளைகளைக் கடைந்து, புதிய பிஸ்டன்களும் பேரிங்குகளும் இட்டுப் பூட்டப்பட்ட மகிழுந்து எந்திரம் ஒன்றில், ஓட்டத் தொடங்கிய முதல் நாளிலேயே எண்ணெய் கலங்கிக் காணப்படுவதும் உண்டு. பட்டறைகளில் உடனே சொல்லப்படும் காரணம், "ஹெட் கேஸ்கட் போய்விட்டது" என்பதாகும். இது பல வேளைகளில் சரியானதே. எனினும் புதிதாகப் பூட்டிய எந்திரத்தில் நீர் எண்ணெயை அடைய வேறு பல வழிகளும் உள்ளன. அவற்றுட் சில பழுதே அல்ல.

இதனால் இரு வகையான தவறுகள் நேர்கின்றன. ஒன்று, வெறும் நீராவி படிந்ததற்காக நல்ல எந்திரத்தை மீண்டும் பிரிப்பது. மற்றது, குளிர்விப்பு நீர் தொடர்ந்து கசிந்துகொண்டிருக்க, "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று ஓட்டிப் புதிய பேரிங்குகளை அழிப்பது. ஆகவே, எண்ணெயில் நீர் உள்ளதா என்பதைவிட, அந்த நீர் எங்கிருந்து வந்தது, அது இன்னும் வந்துகொண்டிருக்கின்றதா என்பவையே கண்டறியப்பட வேண்டியவையாகும்.

கலங்கலின் தன்மை

எண்ணெயும் நீரும் தனித்தனியே ஒளி ஊடுருவக்கூடியவை. இரண்டின் ஒளிவிலகல் எண்களும் வேறுபடுவதால், நீர் மிக நுண்ணிய துளிகளாக எண்ணெயில் பரவும்போது ஒவ்வொரு துளியின் பரப்பிலும் ஒளி சிதறுகின்றது. பால் வெண்மையாகத் தோன்றுவதும் இதே காரணத்தாலாகும். இத்தகைய கலவை பால்மம் எனப்படும். இன்றைய எந்திர எண்ணெய்களில் கரியையும் அழுக்கையும் மிதக்க வைப்பதற்கென்று தூய்மையாக்கிகளும் பரப்பிகளும் சேர்க்கப்படுகின்றன. இவை நீர்த்துளிகள் ஒன்றுசேர்வதையும் தடுத்து, பால்மத்தை நிலைபெறச் செய்கின்றன. எனவே எண்ணெயில் புகுந்த நீர் முழுவதும் அடியில் தங்கிவிடும் என்று எதிர்பார்க்க இயலாது.

எண்ணெய் மிகச் சிறிதளவு நீரைக் கரைத்துத் தெளிவாகவே வைத்திருக்கும். அந்த எல்லையைக் கடந்ததும் முதலில் மங்கல் தோன்றும். நீர் கூடக்கூட, பால் கலந்த காப்பியின் நிறமும், இறுதியில் கெட்டியான வெண்மஞ்சள் களிம்பு போன்ற நிலையும் ஏற்படும். புதுப்பித்த எந்திரத்தின் எண்ணெயில் கரி இன்னும் சேராததால், சிறிதளவு நீரும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றது. பழைய எந்திரத்தின் கறுத்த எண்ணெயில் இதே அளவு நீர் கவனிக்கப்படாமலே போகலாம்.

நீர் இல்லாமலும் எண்ணெய் கலங்கித் தோன்றக்கூடும். பேரிங்குகளையும் கேம் தண்டையும் பூட்டும்போது பூசப்படும் பசைகளில் சில வெண்ணிற லித்தியம் கிரீசு கலந்தவை. மாலிப்டினம் கலந்தவை சாம்பல் நிறம் கொண்டவை. இவை எண்ணெயில் கரையும்போது முதல் எண்ணெய் மங்கிவிடும். அளவுக்கு மிஞ்சி எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தால், சுழலும் கிராங்க் தண்டு அதனைக் கடைந்து நுரையாக்கும். இவற்றைப் பிரித்தறிய, ஒரு கண்ணாடிக் குப்பியில் சிறிது எண்ணெய் எடுத்து வைத்தல் போதுமானது. நுரையானால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். நீர் மிகுந்திருந்தால் ஓர் இரவுக்குள் அதன் ஒரு பகுதியேனும் அடியில் தங்கும். பசையால் வந்த மங்கல் அப்படியே இருக்கும்; சூடான இரும்புத் தகட்டில் விட்டாலும் வெடிக்காது.

நீர் வரும் வழிகள்

எரிதலில் உண்டாகும் நீர். ஒரு லிட்டர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகின்றது. இதன் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறினாலும், ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கிராங்க் அறைக்குள் இறங்குகின்றது. புதிய வளையங்கள் உருளைச் சுவருடன் பொருந்தி அமைவதற்குச் சிறிது காலம் ஆகும். அதுவரை இவ்வாறு இறங்கும் வளிமத்தின் அளவு கூடுதலாக இருக்கும். மேலும், புதுப்பித்த எந்திரத்தை முதல் நாட்களில் கசிவு பார்க்கவும், தீமூட்டு நேரத்தைச் சரிசெய்யவும் சில நிமிடங்கள் மட்டும் ஓட்டி நிறுத்துவதே வழக்கம். எண்ணெய் நன்கு சூடேறாததால் நீர் ஆவியாகி வெளியேறுவதில்லை. ஆகவே, நன்றாகப் பூட்டப்பட்ட எந்திரமும் முதல் வாரத்தில் எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்களிம்பு பூசி நிற்கக்கூடும். கிராங்க் அறையின் ஆவிகளை உள்ளிழுத்து மீண்டும் எரிக்கும் காற்றோட்ட வால்வு, கலிபோர்னியாவில் விற்கப்பட்ட மகிழுந்துகளில் 1961 ஆம் ஆண்டு முதல் இடம்பெற்றது. புகைமாசைக் குறைப்பதற்காக வந்த இவ்வமைப்பு எண்ணெயிலிருந்து ஈரத்தையும் நீக்குகின்றது. எந்திரத்தைப் பூட்டும்போது இதன் குழாயை மாட்ட மறந்துவிடுவது அரிதன்று.

வேலையின்போது தங்கிய நீர். பிரித்த சிலிண்டர் பிளாக்கை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவுவது கட்டாயமாகும். கடைசலில் உண்டான துகள்கள் வேறு வழியில் நீங்குவதில்லை. கழுவிய பின் எண்ணெய்ப் புழைகளைக் காற்றழுத்தத்தால் ஊதி உலர்த்தாவிடின், அவற்றில் தேங்கிய நீர் முதல் ஓட்டத்திலேயே எண்ணெயில் சேரும். இதைவிட அடிக்கடி நேர்வது மற்றொன்று: எல்லாம் பூட்டி நீர் ஊற்றிய பின், ஏதோ ஒரு சிறு வேலைக்காக இன்டேக் மேனிஃபோல்டையோ ஹெட்டையோ நீரை வடிக்காமல் கழற்றிவிடுவது. அப்போது சிந்தும் நீர் நேராக எண்ணெய்த் தொட்டியை அடையும். திறந்தவெளியில் மூடாமல் வைக்கப்பட்ட எந்திரத்தில் மழைநீர் இறங்குவதும் இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய நீர் ஒருமுறை மட்டுமே வருவது. எண்ணெயை மாற்றினால் தீர்ந்துவிடும்.

குளிர்விப்பு அமைப்பிலிருந்து கசியும் நீர். இதுவே அஞ்சத்தக்கது. ஹெட் கேஸ்கட், ஹெட் அல்லது பிளாக்கில் உள்ள வெடிப்பு, அளவுக்கு மிஞ்சிக் கடைந்ததால் மெலிந்த உருளைச் சுவரிலுள்ள ஊசித்துளை, நீர் கொண்டு எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஆகியவை பொதுவான இடங்கள். இவற்றுள் எது ஒரு குறிப்பிட்ட எந்திரத்தில் நிகழக்கூடியது என்பது, அந்த எந்திரத்தில் நீரும் எண்ணெயும் எங்கெங்கே அடுத்தடுத்துச் செல்கின்றன என்பதைப் பொறுத்ததாகும். ஆகவே, கருவிகளை எடுப்பதற்கு முன் அந்த எந்திரத்தின் அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும்.

செவ்ரோலெட் சிறு பிளாக் வி8

அமெரிக்காவில் மிகுதியாகப் பிரித்துப் புதுப்பிக்கப்படும் எந்திரங்களில் செவ்ரோலெட்டின் சிறு பிளாக் வி8 முதன்மையானது. இது 265 கன அங்குல, அதாவது 4.3 லிட்டர் கொள்ளளவுடன் 1955 ஆம் ஆண்டு மாதிரிகளில் அறிமுகமானது. பெரிதும் அறியப்பட்ட 350 கன அங்குல, 5.7 லிட்டர் வடிவம் 1967 இல் கமேரோ மகிழுந்தில் வெளிவந்தது. வீட்டுக் கொட்டகையில் எந்திரம் பூட்டும் ஆர்வலர்கள் அங்கே முதலில் கைவைப்பது பெரும்பாலும் இதில்தான் என்பதால், எண்ணெய்க் கலங்கலுக்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை எனலாம்.

இவ்வெந்திரத்தில் இரு வரிசை உருளைகளுக்கு இடையே, டேப்பெட்டுகள் அமைந்த ஒரு பள்ளம் உண்டு. இதில் விழும் எதுவும் துளைகள் வழியே கேம் தண்டின் மீதும், பின்னர் எண்ணெய்த் தொட்டிக்கும் இறங்கும். பள்ளத்தின் மேல் மூடி போல அமர்வது இன்டேக் மேனிஃபோல்டு. காற்று எரிபொருள் கலவையைப் பங்கிடும் இந்தப் பகுதியே, இரு ஹெட்டுகளின் முன்முனைகளிலிருந்து வரும் குளிர்விப்பு நீரை ஒன்றுசேர்த்து தெர்மோஸ்டாட்டுக்கும் கொண்டு செல்கின்றது. ஆகவே மேனிஃபோல்டின் மூலைகளில் உள்ள கேஸ்கட் சிறிது கசிந்தாலும், நீர் நேராகப் பள்ளத்தில் விழும். புதுப்பித்த எந்திரங்களில் இவ்விடம் கசிவதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஹெட்டையோ பிளாக்கையோ சமதளமாக்குவதற்காகச் சீவும்போது, ஹெட்டுகள் சற்றுக் கீழே இறங்கி ஒன்றையொன்று நெருங்குகின்றன. மேனிஃபோல்டோ பழைய அளவிலேயே இருக்கின்றது. அதன் பக்கங்களையும் அதற்கேற்பச் சீவாவிட்டால், போல்ட்டுத் துளைகள் நேர்படாமலும் கேஸ்கட் சமமாக நசுங்காமலும் போகும். முன்னும் பின்னும் இடப்படும் தடித்த ரப்பர்ப் பட்டைகள் மேனிஃபோல்டைத் தூக்கிப் பிடிப்பதும் இதே விளைவைத் தரும். பலர் அவற்றைத் தவிர்த்து, சிலிக்கோன் பசையைத் தடிமனாக இடுவது இதனாலேயே.

அடுத்தது ஹெட் போல்ட்டுகள். ஒவ்வொரு ஹெட்டையும் 17 போல்ட்டுகள் பிடிக்கின்றன. இவற்றின் துளைகள் பிளாக்கின் நீர் உறைக்குள் திறப்பவை. ஆகவே மரைகளில் அடைப்புப் பசை பூசாமல் முறுக்கினால், அழுத்தமுற்ற நீர் மரை வழியே மேலேறும். ஹெட்டின் கீழ் விளிம்பில் உள்ள போல்ட்டுகள் வால்வு மூடிக்கு வெளியே இருப்பதால், அவற்றின் கசிவு வெளியே தெரிந்துவிடும். மூடிக்கு உள்ளே இருக்கும் போல்ட்டுகளின் வழியே ஏறும் நீர் யார் கண்ணிலும் படாமல் எண்ணெயுடன் சேர்ந்து கீழே வடியும். கேஸ்கட் புதியது, ஹெட் சமதளமானது, முறுக்கு விசையும் கையேட்டின்படி 65 அடி-பவுண்டு, அதாவது சுமார் 88 நியூட்டன் மீட்டர் என அனைத்தும் சரியாக இருந்தும், ஒரு சிறு குழாய்ப் பசையை விட்டதால் எண்ணெய் கலங்கிய எந்திரங்கள் பல. வேறு எந்திரங்களில் பழகியவர்களே இதில் பெரும்பாலும் ஏமாறுகின்றனர்.

இன்னொரு தன்மையும் கருதத்தக்கது. இவ்வெந்திரத்தில் வால்வு நெம்புகோல்களுக்கான எண்ணெய், உள்ளீடற்ற புஷ் ராடுகள் வழியே மேலே செல்கின்றது. அழுத்தமுற்ற எண்ணெய்ப் புழை எதுவும் ஹெட் கேஸ்கட்டைக் கடப்பதில்லை. ஆகவே, "ரேடியேட்டரில் எண்ணெய் மிதக்கவில்லை, எனவே கசிவு இல்லை" என்ற வாதம் இங்கே செல்லாது.

பிற எந்திரங்கள்

இந்தியாவில் அம்பாசடர் மகிழுந்துகளில் நெடுங்காலம் பயன்பட்ட 1489 கன செ.மீ. எந்திரம், பிரித்தானிய பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது. இதன் இன்டேக் மேனிஃபோல்டில் நீர் செல்வதில்லை. நீர்ப்பம்பு பிளாக்கின் முகப்பில் நேராக அமர்கின்றது. ஆகவே மேற்சொன்ன மேனிஃபோல்டு கசிவு இதில் நிகழ வழியில்லை. மாறாக, வால்வு நெம்புகோல்களுக்கான எண்ணெய் அழுத்தத்துடன் பிளாக்கிலிருந்து ஹெட்டுக்குக் கேஸ்கட்டைக் கடந்தே செல்கின்றது. அவ்விடத்தில் கேஸ்கட் பழுதுற்றால், எந்திரம் ஓடும்போது அழுத்தம் மிகுந்த எண்ணெய் நீருக்குள் புகும். நிறுத்திய பின் எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட, இன்னும் சூடாகவும் அழுத்தத்துடனும் இருக்கும் நீர் எண்ணெய்க்குள் புகும். இரண்டு பக்கமும் கெடுவது இதனாலாகும்.

1962 இல் வெளிவந்த ஃபோர்டு நிறுவனத்தின் சிறு பிளாக் வி8 எந்திரத்தில், நீர்ப்பம்பு டைமிங் சங்கிலி மூடியின் மீது அமர்ந்துள்ளது. நீர் அம்மூடியின் வழியே பிளாக்குக்குச் செல்வதால், அம்மூடியின் கேஸ்கட் கசிந்தால் எண்ணெய் கலங்கும். இவ்வகை எந்திரத்தில் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் மூடியைப் பார்ப்பது நல்லது.

பிரித்தானியாவின் ரோவர் நிறுவனம் 1988 இல் அறிமுகப்படுத்திய கே வரிசை எந்திரம் முற்றிலும் வேறானது. நீண்ட போல்ட்டுகள் ஹெட்டிலிருந்து அடிப்பகுதி வரை ஊடுருவிச் சென்று முழு எந்திரத்தையும் ஒன்றாக இறுக்குகின்றன. உருளைகள் பிளாக்கில் கடையப்படாமல், நீரை நேரடியாகத் தொடும் தனி உறைகளாகச் செருகப்பட்டுள்ளன. ஹெட் கழற்றப்பட்ட நிலையில் உறைகளைப் பிடிக்காமல் கிராங்க் தண்டைச் சுழற்றினால், பிஸ்டனின் உராய்வு உறையை அசைத்து அதன் அடி அடைப்பைக் குலைத்துவிடும். பின்னர் எவ்வளவு நல்ல ஹெட் கேஸ்கட் இட்டாலும் நீர் கீழ்வழியே எண்ணெய்த் தொட்டியை அடையும். இவ்வெந்திரத்தின் ஹெட் கேஸ்கட் பெற்ற கெட்ட பெயரினால், இந்த வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கண்டறியும் முறை

கலங்கல் தெரிந்தவுடன் எந்திரத்தை நிறுத்துதல் வேண்டும். முதலில் பார்க்க வேண்டியவை மூடியும் டிப்ஸ்டிக்கும் ஆகும். மூடியின் உட்புறத்தில் மட்டும் களிம்பு இருந்து, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தெளிவாக இருந்தால், அது குளிர்ந்த பரப்பில் படிந்த நீராவி என்று கொள்ளலாம். டிப்ஸ்டிக்கிலும் எண்ணெய் பால்நிறமாக இருப்பதும், எண்ணெயின் அளவு ஊற்றியதைவிட உயர்ந்திருப்பதும் கசிவைக் காட்டுகின்றன. ரேடியேட்டரில் நீர் குறைந்திருப்பது மட்டும் சான்றாகாது. புதிதாக நிரப்பிய குளிர்விப்பு அமைப்பில் அகப்பட்ட காற்று முதல் சில ஓட்டங்களில் வெளியேறும். அப்போது நீர்மட்டம் இயல்பாகவே இறங்கும். மூன்றாவது நான்காவது முறையும் குறைந்தால் ஐயுற வேண்டும்.

பின்னர் வண்டியைச் சமதளத்தில் ஓர் இரவு விட்டு, எண்ணெய்த் தொட்டியின் அடித் திருகை மெல்லத் தளர்த்தினால், எண்ணெயைவிட அடர்த்தி மிகுந்த நீர் முதலில் வெளிவரும். முதல் அரைக் குவளையைத் தனியே பிடித்துக் கொள்ள வேண்டும். அது பச்சை அல்லது செம்மஞ்சள் நிறமாயின் கூலன்ட் என்பது உறுதி. நிறமற்றதாயின் கழுவிய நீராகவோ மழைநீராகவோ இருக்கலாம். நீர் தனியே பிரியாவிடின், சுமார் 150 பாகை செல்சியசு வெப்பமுள்ள இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். நீர் இருந்தால் சடசடவென்று வெடித்துக் குமிழியிடும். எண்ணெய் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிந்து, திறந்த தீயிலிருந்து விலகிச் செய்ய வேண்டிய சோதனை இது. இது நீரை மட்டுமே காட்டும்; எந்த நீர் என்பதைக் காட்டாது. உறைதடுப்பான் கலந்த கூலன்ட்டின் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது. எனினும் அது நஞ்சு. சுவைத்துப் பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும்.

அனுபவமிக்க சிலர் புதுப்பித்த எந்திரத்தை முதன்முதலில் வெறும் நீர் ஊற்றி ஓட்டிவிட்டு, கசிவு இல்லையென்று உறுதியான பின்னரே கூலன்ட் நிரப்புகின்றனர். கசிந்தால் நிறத்தைக் கொண்டு அறியும் வாய்ப்பு போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் வெறும் நீரை எண்ணெயிலிருந்து நீக்குவது எளிது, கிளைக்காலை நீக்குவது கடினம் என்பதால், உறைபனி இல்லாத இடங்களில் இம்முறையே மேலானது.

வெளிவந்த நீர் சிறிதளவாயின், எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, எந்திரத்தை முழு வெப்பநிலைக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். மறுநாள் எடுக்கும் எண்ணெய் தெளிவாக இருந்தால், நீர் ஒருமுறை வந்து நின்றுவிட்டது என்று பொருள். மீண்டும் கலங்கினால் கசிவு தொடர்கின்றது. அரை லிட்டர் அளவுக்கு நீர் வந்திருந்தாலோ, கூலன்ட்டின் நிறம் தெரிந்தாலோ இச்சோதனையைச் செய்யக்கூடாது. நேரே அழுத்தச் சோதனைக்குச் செல்ல வேண்டும்.

அழுத்தச் சோதனையில், ரேடியேட்டர் மூடி இருக்குமிடத்தில் ஒரு கைப்பம்பு பொருத்தப்பட்டு, மூடியில் குறித்த அளவுக்கு, பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அளவில், காற்றழுத்தம் தரப்படுகின்றது. அழுத்தமானியின் முள் கால் மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நிற்க வேண்டும். முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரம் இல்லையானால், நீர் உள்ளேதான் செல்கின்றது. இச்சோதனையின் முழுப்பயன் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிவிட்டுச் செய்யும்போதே கிடைக்கும். கீழே அட்டையை விரித்து, விளக்குடன் படுத்துக்கொண்டு சொட்டு எங்கிருந்து வருகின்றது என்று பார்ப்பதே இதன் முறை. சிறு பிளாக் செவ்ரோலெட்டில் நீர் கேம் தண்டின் மீது வழிந்து வந்தால் அது மேலேயுள்ள பள்ளத்திலிருந்து வருவது. மேனிஃபோல்டு அல்லது உள்வரிசை ஹெட் போல்ட்டுகளே காரணம். ஒரு பிஸ்டனைச் சுற்றி உருளைச் சுவரின் கீழ்விளிம்பில் ஈரம் கண்டால், அந்த உருளையின் கேஸ்கட் அல்லது சுவர் பழுதுற்றது. முதன்மைப் பேரிங்கைத் தாங்கும் பிளாக்கின் சுவரில் ஈரம் கசிந்தால் பிளாக்கே வெடித்துள்ளது. புதுப்பிக்கச் செலவிட்ட பணத்தின் பெரும்பகுதி அத்துடன் போயிற்று. சில வெடிப்புகள் சூட்டில் மட்டுமே திறப்பதால், குளிர்ந்த நிலையில் முள் அசையாதிருந்தாலும், எந்திரத்தைச் சூடாக்கிய பின் ஒருமுறை பார்த்தல் நலம்.

உருளைகளோடு தொடர்புடைய கசிவுகளுக்கு வேறு சோதனைகளும் உள்ளன. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கையில், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் துடைத்தாற்போல் தூய்மையாக இருந்தால், அந்த உருளையில் நீராவி சென்றிருக்கின்றது. பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி உருளைக்குள் காற்றைச் செலுத்தும்போது ரேடியேட்டரில் குமிழி எழுவதும் இதையே காட்டும். புரோமோதைமால் நீலக் கரைசலை ரேடியேட்டர் வாயில் வைத்து ஆவியை அதனூடே இழுக்கும் சோதனை பரவலாகச் செய்யப்படுகின்றது. எரிந்த வளிமத்தின் கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஆனால் இது எரிகலத்துக்கும் நீருக்கும் இடைப்பட்ட கசிவை மட்டுமே காட்டவல்லது. நீர் உறைக்கும் டேப்பெட் பள்ளத்துக்கும் இடைப்பட்ட கசிவில் நீலம் நீலமாகவே நிற்கும். "சோதனையில் ஒன்றும் இல்லை" என்று சொல்லப்பட்ட பிறகும் எண்ணெய் கலங்குவதற்கு இதுவே பெரும்பாலான காரணமாகும்.

ஆய்வகத்துக்கு எண்ணெய் அனுப்பினால், கூலன்ட்டின் சேர்ப்பிகளில் உள்ள சோடியம், பொற்றாசியம் ஆகியவற்றின் அளவைக் கொண்டு கசிவை அறியலாம். புதிய எந்திரத்தில் சிலிக்கன் அளவு உயர்ந்திருப்பதை மட்டும் கொண்டு முடிவு செய்யக்கூடாது. கேஸ்கட்டுகளில் இடப்படும் சிலிக்கோன் பசையிலிருந்தும் அது எண்ணெயில் சேர்கின்றது.

பேரிங்குகளுக்கு ஏற்படும் கேடு

கிராங்க் தண்டு பேரிங்கின் மீது நேரடியாக அமர்ந்து சுழல்வதில்லை. இரண்டுக்கும் இடையே, 0.05 மில்லிமீட்டர் அளவிலான இடைவெளியில், சுழற்சியால் உண்டாகும் எண்ணெய்ப் படலமே தண்டைத் தாங்குகின்றது. பளு மிகுந்த இடத்தில் இப்படலம் சில மைக்ரோமீட்டர் தடிமனே உடையது. அங்கே நீர்த்துளி வந்து சேரும்போது படலம் அறுபட்டு, உலோகம் உலோகத்தைத் தொடுகின்றது. வெறும் நீர் துருவையும் தேய்மானத்தையும் உண்டாக்கும். கிளைக்கால் மேலும் கொடியது. அது வெப்பத்தில் ஆக்சிசனேற்றம் அடைந்து அமிலங்களாகி, செம்பு-ஈய பேரிங்குகளின் ஈயத்தை அரிக்கின்றது. எண்ணெயின் சேர்ப்பிகளுடன் கூடிப் பிசினாகி வடிகட்டியையும் அடைக்கின்றது. எந்திரம் சூடாகி நீர் ஆவியாகிவிட்டாலும், 197 பாகை செல்சியசு கொதிநிலை கொண்ட கிளைக்கால் எண்ணெயிலேயே தங்கிவிடும். ஆதலால், ஓட்டிச் சூடாக்கியபின் எண்ணெய் தெளிந்து காணப்படுவது தேறுதல் தரக்கூடியதன்று.

தட்டை டேப்பெட்டுகள் கொண்ட பழைய வகை எந்திரங்களில் ஓர் இக்கட்டு உள்ளது. புதிய கேம் தண்டும் டேப்பெட்டுகளும் ஒன்றோடொன்று பழகுவதற்காக, முதல் தொடக்கத்திலேயே எந்திரத்தை நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றுகளில் 20 முதல் 30 நிமிடம் வரை ஓட்ட வேண்டும் என்பது விதி. இந்நேரத்தில் எண்ணெய் கலங்கினால், நிறுத்துவதா தொடர்வதா என்ற தடுமாற்றம் எழும். நிறுத்துவதே சரி. எண்ணெயை மாற்றிப் பழுதை நீக்கிய பின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நீர் கலந்த எண்ணெய் கேம் தண்டையும் காப்பதில்லை.

கசிவு சில மணி நேரம் நீடித்திருந்தால், பழைய எண்ணெய் வடிகட்டியை அறுத்து அதன் மடிப்புகளை விரித்துப் பார்ப்பது பயனுடையது. செம்பு நிறத் துகள்கள் தென்பட்டால் பேரிங்கின் மேற்பூச்சு ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. அந்நிலையில் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடுவது வீண் வேலையாகும்.

சீர்செய்த பின்

பழுது நீக்கப்பட்ட பிறகும் எண்ணெய்ப் புழைகளிலும் வால்வு மூடியின் உட்புறத்திலும் பால்மம் ஒட்டிக்கொண்டிருக்கும். மலிவான எண்ணெய் ஊற்றிச் சூடேற ஓட்டி வடிப்பதை வடிகட்டியுடன் இரண்டு முறையேனும் செய்ய வேண்டியிருக்கும். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி எந்திரத்தை ஓட்டுவது, பேரிங்குகளின் எண்ணெய்ப் படலத்தை மெலியச் செய்வதால் தவிர்க்கத்தக்கது. கிளைக்கால் மிகுதியாகக் கலந்த கனரக டீசல் எந்திரங்களைக் கழுவுவதற்கு 2-பியூட்டாக்சியெத்தனால் என்னும் கரைப்பான் பயன்படுத்தப்படுகின்றது. மகிழுந்துகளில் இது அரிதே.

கசிவை அடைக்கும் பொடிகளையும் திரவங்களையும் ரேடியேட்டரில் ஊற்றுவது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன் காடிலாக் அலுமினிய எந்திரங்கள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே அடைப்பு மாத்திரைகளைச் சேர்த்து வந்தது. ஆயினும் அது வார்ப்பின் நுண்துளைகளுக்கானது. பூசாமல் விட்ட போல்ட்டு மரைக்கும், பொருந்தாத மேனிஃபோல்டுக்கும் அது மருந்தாகாது. புதிதாகக் கழுவிப் பூட்டிய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைத்துவிடவும் கூடும்.

வடித்த எண்ணெயில் கூலன்ட் கலந்திருப்பதால், அதனைப் பிற கழிவு எண்ணெயுடன் சேர்க்காமல் தனிக் கலனில் மூடி வைக்க வேண்டும். கிளைக்காலின் இனிப்பால் ஈர்க்கப்பட்டு நாய்களும் பூனைகளும் அதை நக்கி இறப்பதுண்டு. குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.